பொது வார்டு, மஞ்சள் சீட்டு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட இரண்டு சேலை பக்கத்து வாழைத்தோப்பில். கரண்ட் இல்லை, மாவு அரைக்கவில்லை.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. எங்கள் மாவட்ட கவுன்சிலர் வார்டு இந்த முறை பொது. கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னைத் தாண்டி என் வீட்டுக்காரர் குமரேசனிடம் (இனி கு.) பேசினார். "லேடீஸ் வார்டு முடிஞ்சிருச்சுண்ணே. இனிமே நீங்களே நேரா நிக்கலாம்."

ஐந்து வருடம் கவுன்சிலராக இருந்தவள் நான். என்னிடம் அவர் சொன்னது, காபி நல்லா இருக்கு என்று.

பொது என்றால் ஆண் என்று எங்கே எழுதியிருக்கிறது? நிற்கப் போகிறேன். சுயேச்சையாக.

ஜூலை 8, செவ்வாய்

வார்டு வரலாறு. யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாத்தியார். சைக்கிளில் வந்து ஓட்டு கேட்டவர். வாய்க்கால் பாலம் அவர் காலத்தில் வந்தது.

பிறகு ரைஸ்மில்காரர், இரண்டு தடவை. என்ன செய்தார், ஞாபகமில்லை.

பிறகு பெண்கள் வார்டு ஆனது. ரைஸ்மில்காரர் மனைவி. போஸ்டரில் மட்டும் பார்த்திருக்கிறோம். அதிலும் வீட்டுக்காரர் படம்தான் பெரிது.

பிறகு நான். ஏழு ஓட்டில் ஜெயித்தேன்.

கூட்டம் நடக்கும் விதம் அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்காரர்கள் உள்ளே, நாற்காலியில். கவுன்சிலர் அம்மாக்கள் வெளியே, சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து பெஞ்சில். வருகை நோட்டு எங்களிடம் வரும், கூடவே வடைப் பொட்டலம். கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

மூன்றாவது கூட்டத்தில் நோட்டை நானே எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கு. உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் எழும் வரை நின்றேன். அதற்குப் பிறகு ஒரு கூட்டமும் விடவில்லை. தண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடிக் கூரை, கொள்ளிடக் கரை விளக்கு எல்லாம் வாயைத் திறந்து நான் கேட்டது.

டீக்கடையில் கவுன்சிலர் என்றால் இன்றைக்கும் கு.தான்.

ஜூலை 9, புதன்

ஸ்ரீரங்கம். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே.
– வாக்காளர் பட்டியல் ஜெராக்ஸ்
– போட்டோ (கண் மூடியிருக்கிறது, பரவாயில்லை)
– கறிவேப்பிலை
– கு. பிரஷர் மாத்திரை

வீட்டுக்கு வந்தால் கு. ஒரு வேட்புமனுவை நீட்டினார். கட்சி அவருக்கே சீட் கொடுத்துவிட்டதாம். "முன்மொழியறவங்க இடத்துல ஒரு கையெழுத்து போடு. போன தடவை உனக்கு நான்தானே போட்டேன்."

பையிலிருந்து என் மனுவை எடுத்து அவர் மனுவின் மேல் வைத்தேன். "எனக்கும் ஒரு கையெழுத்து வேணுங்க."

தன் மனுவை மட்டும் உருவி எடுத்தார். "ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்ங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாத்திரையைத் தட்டில் எடுத்து வைத்தேன். அது வேறு, இது வேறு.

ஜூலை 10, வியாழன்

முன்மொழிய ஆள் கிடைக்கவில்லை. வார்டில் ஓட்டு உள்ள ஒரே ஒரு ஆள் போதும். நாளை மூன்று மணிக்குக் கடைசி.

மூன்று வீட்டில் கேட்டேன். தண்ணீர்த் தொட்டித் தெருவிலேயே ஒருத்தி, "அண்ணனைக் கேட்டுட்டுச் சொல்றேன்க்கா." எந்த அண்ணனை? கு.வைத்தான். அழுகை வந்தது. அழவில்லை என்று எழுத ஆசை. அழுதேன்.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பாப்பாத்தி தானாக வந்தாள். வாழைநார் உரிக்கிறவள், கையெல்லாம் கறை. "அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. போன தடவை உங்களுக்கு நான் ஓட்டே போடல."

தூக்கிவாரிப் போட்டது. ஊராட்சித் தேர்தலில் ஒருவருக்கு நாலு சீட்டு, நாலு நிறம். மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள். "உங்க சின்னத்துலதான் குத்தினேன். மஞ்சளா, மங்களகரமா இருந்துச்சு. பொட்டியில போட மனசு வரல. மடிச்சு இடுப்புல செருகிட்டு வந்துட்டேன். இன்னும் சாமி படத்துக்குப் பின்னாடிதான் இருக்கு."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எட்டு ஓட்டில் ஜெயித்திருக்க வேண்டியவள் நான்.

"நாளைக்கு வரேங்க்கா. கையெழுத்து போடுவேன், அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

"எங்க வீட்டுக்காரரு கேட்டா என்னடி சொல்லுவ?"

"கேக்கட்டும். தொட்டி வந்த பெறகு நான் குடம் தூக்கி ஆத்துக்குப் போகலல்ல."

ஜூலை 11, வெள்ளி

ஒன்றிய அலுவலகம். வெயில், கூட்டம். பாப்பாத்தி நல்ல சேலை கட்டி வந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டேகாலுக்கு மனு கொடுத்தாயிற்று. எனக்கு முன்னால் கு. கொடுத்திருந்தார், கட்சி ஆட்களோடு. அவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எல்லார் முகத்தையும் பார்த்தேன்.

திரும்பும்போது அதே பஸ். கு. பக்கத்து சீட்டில். என் மனு நகலை வாங்கி, கண்ணாடி போட்டு, வரி வரியாகப் படித்தார். தந்தை அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில் விரலை வைத்தார். போன தடவை அங்கே அவர் பெயர்.

"உங்க அப்பா பேரைப் போட்டிருக்க."

"அவரு என்னை எதிர்த்து நிக்கலையேங்க."