காசு வாங்காத லோயர்

டிக்கோயா,
11.02.2024

அன்புள்ள பூரணிக்கு மரியநாயகி எழுதுவது.

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீயும் தம்பி குடும்பமும் நலமாக இருக்க எங்கள் மாதாவையும் உன் முனியாண்டி சாமியையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனை எடுத்தால் நீ அழுவாய், நான் அழுவேன், கார்டு தீர்ந்துவிடும், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும்.

பேக்கரி விலாசத்துக்கு இனி எழுதாதே. பொங்கலுக்கு முந்தின நாள் வங்கிக்காரர்கள் பூட்டோடு வந்துவிட்டார்கள். அந்த நேரம் போறணை அடுப்பில் பாண் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. "அத மட்டும் எடுத்துக்கிறேன் ஐயா, கருகிரும்" என்றார் டக்ளஸ். பொறுத்து நின்றார்கள். இவர் பாணை எடுத்து, பூட்ட வந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பங்களாவில் துரைமாருக்கு ஆக்கிப்போட்ட கை, யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்காது.

இப்போது தோட்டத்துப் பழைய லயத்தில் இருக்கிறோம். தங்கச்சி மகன் ஒரு காம்பரா ஒழித்துக் கொடுத்தான். எது தெரியுமா? நீயும் தம்பியும் இருந்ததுதான். நாங்கள் முன்பு இருந்த பக்கத்தில் இப்போது அம்மாக்கண்ணு இருக்கிறாள். நடுச்சுவர் இன்னும் கூரை வரைக்கும் எழும்பவில்லை. அவள் குறட்டை விட்டால் எங்கள் அடுப்படியில் கேட்கிறது.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்தை நானே ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். இவர் வேலையை விட்டபோது கிடைத்தது, மகள் கேத்ரின் குவைத்தில் பிறத்தியார் வீட்டைக் கூட்டிப் பெருக்கி அனுப்பியது, எல்லாவற்றையும் போட்டு அந்தக் கடையை முதலாளியிடம் வாங்கினோம். உறுதிப் பத்திரம் எழுதியது லோயரான உன் தம்பி. அதைக் கொண்டுபோய்க் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டியதும் அவர்தான். பதியவில்லை. எங்கள் உறுதி அவர் அலுமாரியில் ஐந்து வருஷம் தூங்கியது. பதிவேட்டில் கடை முதலாளி பேரிலேயே கிடந்தது. நாடு கடனில் விழுந்த வருஷம் முதலாளிக்கும் நெருக்கடி வந்தது. எங்களுக்கு விற்ற கடையையே வங்கியில் ஈடு வைத்துக் கடன் வாங்கிக்கொண்டு ஆள் இந்தியாவுக்குப் போய்விட்டார். வங்கி கடையை ஏலத்தில் போட்டது. எங்கள் உறுதியைக் காட்டினோம். "இது பதியாத உறுதிங்க அம்மா" என்றார் அந்த மேனேஜர், வருத்தமாகத்தான்.

கேத்ரின் கண்டியில் ஒரு லோயரை வைத்துத் தம்பி மேல் முறைப்பாடு கொடுத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அதற்குத் தம்பி என்ன பதில் எழுதியிருக்கிறார் தெரியுமா? முத்திரைக் காசை நாங்கள் கட்டவே இல்லையாம், அதனால்தான் பதியவில்லையாம்.

பூரணி, அந்தக் காசை டக்ளஸ் உன் கையில் கொடுத்தார். தம்பி வீட்டில் இல்லை. நீ வாங்கி லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்தாய், நான் பக்கத்தில் நின்றேன். மறுநாள் போனில் நீயே சொன்னாய், "தம்பி ராத்திரி வந்து எடுத்துக்கிட்டான்" என்று. ரசீதுத் துண்டு வாங்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளையிடம் யார் துண்டு கேட்பது?

விசாரணையில் உன்னைக் கூப்பிடுவார்கள். நடந்ததைச் சொன்னால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் மரியம்


நுவரெலியா,
03.03.2024

என் அன்பு மரியத்துக்கு,

உன் கடிதம் கிடைத்து, மூன்று தரம் வாசித்தேன். பூட்ட வந்தவனுக்கே பாண் கொடுத்த டக்ளஸ் அண்ணனை நினைத்து அழுதேன், சிரிக்கவும் செய்தேன். குளிருக்கு ஒரு சால்வை அனுப்புகிறேன். பழையதுதான், ஆனால் நல்ல கம்பளி. அண்ணனின் நெஞ்சுச் சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு.

நான் பிறந்த காம்பராவிலா இருக்கிறாய்? இஸ்தோப்புத் திண்ணையில் இடது பக்கத் தூணில் என் பெயரை ஆணியால் கீறியிருப்பேன், பார். அந்தச் சுவருக்கு மேலாகத்தானே நாம் எல்லாவற்றையும் கொடுத்து வாங்கினோம். உப்பு, தணல், தோசைக்கல், உங்கள் அம்மாவின் தலைவலித் தைலம். எங்கள் அம்மா கண்மூடிய வருஷம், ஆடிக் காற்றில் கூரைத் தகரம் பிய்ந்து மழை கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? கதவைத் திறக்க முடியாமல் தம்பியையே சுவருக்கு மேல் தூக்கிக் கொடுத்தேன். நீ மறுபக்கம் பெட்டி மேல் ஏறி நின்று வாங்கினாய். சிவப்புக் கம்பளிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாய். விடிந்து நான் வந்து பார்த்தபோது உன் மேல் ஒன்றுக்குப் போயிருந்தான். நான்கு வயது. அன்றிலிருந்து அவனுக்கு நான்தான், எனக்கு அவன்தான்.

அந்தக் காசு விஷயம் எழுதியிருந்தாய். எனக்கு அறுபது ஆகிறது மரியம். முன்னைப் போல ஞாபகம் நிற்பதில்லை. யார் யாரோ வருகிறார்கள், எது எதையோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எதை நான் வாங்கினேன், எதை வாங்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? தம்பியும் சரியாகச் சாப்பிடுவதில்லை. சங்கம், தேர்தல், மேடை என்று அலைந்தான், அதில் எல்லாம் தவறிப் போய்விட்டது. கெட்டவன் இல்லை. உனக்குத் தெரியாதா?

கேத்ரினிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

உன் கூடப் பிறக்காதவள்,
பூரணி


டிக்கோயா,
16.04.2024

அன்புள்ள பூரணிக்கு,

புதுவருஷ வாழ்த்து. சால்வை வந்து சேர்ந்தது, இவர் விடாமல் போர்த்திக்கொண்டு திரிகிறார். தூணில் உன் பெயர் இருக்கிறது. மேலே வெள்ளை அடித்திருக்கிறார்கள், தடவினால் தெரிகிறது.

ஞாபகம் நிற்பதில்லை என்று எழுதினாயே, அதே கடிதத்தில்தான் தைலம், தகரம், கம்பளியின் நிறம், அவன் ஒன்றுக்குப் போனது வரைக்கும் எழுதியிருக்கிறாய். நல்ல ஞாபகமறதிதான் போ. மீன் விற்கிறவள் தன் கூடையில் நாற்றமில்லை என்றாளாம்.

எனக்கும் ஞாபகம் இருக்கிறது. தம்பிக்குக் கொழும்பில் சட்டம் படிக்க இடம் கிடைத்த மாதம், சம்பள நாள் அன்று, ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் கொழுந்துச் சாக்கின் ஒரு முனையை நீ பிடித்தாய், மறுமுனையை நான் பிடித்தேன். தலைக்கு ஒருநாள் பேர்க் கூலி. கொழுந்து எடுத்த கறை போகாத கையால் ஒவ்வொருத்தியும் போட்டுவிட்டுப் போனாள். இவர் பங்களாவில் துரைக்குப் புடிங் வைத்துக் கொடுத்து, துரை வாயில் கரண்டி இருக்கும்போது கேட்டு வாங்கி வந்தார். தம்பி கறுப்புக் கோட்டோடு முதல்முதல் தோட்டத்துக்கு வந்த அன்று சந்தியிலிருந்து தப்பு அடித்துக் கூட்டி வந்தோம். அந்தக் கோட்டைக் கிழவிகள் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மாதா கோயிலடியிலும் நின்றார், மாரியம்மன் கோயிலடியிலும் நின்றார். அன்றைக்குத்தானே சொன்னார், "நம்ம தோட்டத்து ஆளுங்ககிட்ட ஒருநாளும் காசு வாங்க மாட்டேன்" என்று. நீ அழுதாய். எல்லாரும் அழுதோம்.

அந்தச் சொல்தான் எங்களைக் கெடுத்தது, பூரணி. காசு வாங்காமல் செய்கிறவரிடம் வேலை முடிந்ததா என்று எந்த வாயால் கேட்பது? காசு கொடுத்த ஹட்டன் கடைக்காரர்களின் உறுதியெல்லாம் வாரத்துக்குள் பதிவாகிவிட்டது. எங்களுடையது அடியில் கிடந்தது. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் இவர் ரவையும் கஜுப் பருப்பும் போட்டுக் கேக் சுட்டார், கூலிக்குப் பதிலாக அதைச் சுமந்துகொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தோம். ஒவ்வொரு தரமும் பஸ்ஸிலேயே இவர் என் கையைப் பிடித்துச் சொல்வார், "உறுதியப் பத்தி வாயத் தொறந்துறாத. சந்தேகப்படுறோம்னு நினைச்சிருவாரு." நானும் வாயை மூடிக்கொண்டு உன் கையால் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

தம்பி மறந்தார் என்றால் மன்னித்திருப்பேன். எங்களைக் காசு கட்டாதவர்கள் என்கிறாரே, அதுதான் ஆறவில்லை. எனக்குக் கோபம் வருகிறது. உன் மேலும் வருகிறது. தண்ணிப் பீலியில் அம்மாக்கண்ணு எல்லார் முன்னாலும் கேட்கிறாள்: "ஏங்க, கட்ட வேண்டியதக் கட்டாம நம்ம புள்ளையவே மாட்டி விட்டுட்டீங்களே?" நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இவர் காதிலும் விழுந்திருக்கிறது. மூன்று நாளாக வெளியே போகவில்லை. கடை போனதற்கு இவர் இப்படிப் படுக்கவில்லை.

விசாரணை ஆடியில் என்கிறார்கள்.

மரியம்


நுவரெலியா,
20.05.2024

மரியத்துக்கு,

எனக்கும் கடிதம் வந்துவிட்டது, கொழும்புக்கு வரச் சொல்லி. தம்பி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் என் முகத்தைப் பார்க்கிறான், எழுந்து போகிறான். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வந்தால் இப்படித்தான் பார்ப்பான்.

காலைப் பிடித்துக் கேட்கிறேன். அந்தக் கோட்டை மட்டும் அவனிடமிருந்து கழற்ற வைக்காதே. அதில் உன் ஒருநாள் பேரும் இருக்கிறது.

பூரணி


நுவரெலியா,
28.07.2024

மரியநாயகிக்கு,

நானுஓயாவில் நான் ஏறிய அதே ரயிலில்தான் நீங்களும் ஹட்டனில் ஏறினீர்கள். அண்ணன் பழைய பங்களாக் கோட்டுப் போட்டிருந்தார், தோளில் என் சால்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ கண்டாய் என்று எனக்குத் தெரியும். நீயும் வேறு பெட்டிக்குப் போய்விட்டாய்.

கொழும்பு வரும் வரைக்கும் ஞாபகமில்லை என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆயத்தமாகத்தான் போனேன். அங்கே, விசாரணைக்கு உள்ளே கூப்பிடும் முன், அண்ணன் கதவோரம் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வழிவிட்டு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பிக்கும் கைகூப்பி, "வாங்க தம்பி" என்றார். தம்பி அவரைப் பார்க்காமல் போனான். அதைக் கண்ட பிறகு எனக்கு வேறு வாய் வரவில்லை.

நான் சொன்னதை நீ கேட்டாய். "ஐயா, அந்தக் காச நான்தான் கையில வாங்குனேன். சாமி படத்துக்கு முன்னால வச்சேன். ராத்திரி தம்பி வந்து எடுத்துக்கிட்டாரு. அவங்க பொய் சொல்ற ஆளுங்க இல்ல." அவ்வளவுதான். அவனைப் பார்த்து 'அவர்' என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தரம்.

வீட்டுக்கு வந்து அவன் பிள்ளையைப் போல அழுதான். "மறந்துட்டேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சுக்கா. தோட்டமே என்னைய நம்பி இருக்கையில எப்படிச் சொல்றது?" என்றான். மரியம், உன்னிடம் வாங்கினதை உனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் மானத்தைச் சொல்கிறேன். இனி அவனோடு நான் இருக்க வேண்டும். ஊரே அவனை விட்டுவிடும், அவன் மனைவியும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

உன் எழுத்தைப் பார்த்தால் அவனுக்கு முகம் சுருங்குகிறது. அதனால் இனி எழுதாதே மரியம். எனக்கு உன் மேல் கோபமில்லை. உன்னைப் பார்க்கத்தான் முடியாது.

பூரணி


டிக்கோயா,
19.12.2024

அன்புள்ள பூரணிக்கு,

எழுதாதே என்றாய். ஆடியிலிருந்து எழுதாமல்தான் இருந்தேன். நத்தார் வந்துவிட்டது, என்ன செய்வது?

முடிவு உனக்கும் வந்திருக்கும். இரண்டு வருஷத்துக்குத் தம்பி கோட்டுப் போடக் கூடாதாம். நட்டத்துக்கு வேறு வழக்காம், அது நடக்கிறபடி நடக்கட்டும். கடை வராது. வேறு யாரோ அதில் போன் விற்கிறார்கள். எங்கள் போறணையை உடைத்துக் கல்லை ரோட்டோரம் போட்டிருந்தார்கள். இவர் இரண்டு கல்லைத் தூக்கி வந்து இஸ்தோப்பில் வைத்திருக்கிறார், உட்கார்ந்துகொள்ள.

ஆனால் இவர் எழுந்துவிட்டார், பூரணி. நீ சொன்னதை நான் தண்ணிப் பீலியில் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அம்மாக்கண்ணு அன்றைக்கே சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு நீட்டினாள். மறுநாள் இவர் சவரம் செய்துகொண்டு வெளியே போனார். இப்போது பெரிய சட்டியில் மணலைக் கொட்டி, மூடி மேல் தணல் போட்டுப் பணிஸ் ரொட்டி சுடுகிறார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தடியில் கொண்டுபோய் வைத்தால் தேத்தண்ணி நேரத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. கடன் அடைய எங்கள் ஆயுள் போதாது. பசி இல்லை.

அதே சட்டியில்தான் இந்தக் கேக்கும். அடி கொஞ்சம் தீய்ந்திருக்கும், சுரண்டிவிட்டுச் சாப்பிடு. கஜு விலையைப் பார்த்துப் பாதி நிலக்கடலை போட்டிருக்கிறார். நுவரெலியா பஸ் கண்டக்டர் நம் தோட்டத்துப் பையன், அவனிடம் கொடுத்துவிட்டிருக்கிறோம். தம்பிக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடு. கொடுக்கும்போது யார் அனுப்பியது என்று சொல்லியே கொடு. சுவருக்கு மேலாக அவரைத் தூக்கிக் கொடுத்தது நீ என்றால், பெட்டி மேல் ஏறி நின்று வாங்கியவள் நான். ஒரு பிள்ளையை இரண்டு பேரும் சேர்ந்துதான் கெடுத்திருக்கிறோம், கேள்வியே கேட்காமல்.

நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. சாயங்காலம் தூணில் உன் பெயர் இருக்கிற இடத்தில் சாய்ந்துகொண்டுதான் உட்காருகிறேன்.

இத்தனை நத்தாரும் கேக்கைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்தோம். இந்தத் தரம் இவரே சொன்னார், "கேட்டு எழுது" என்று. அதனால் கேட்கிறேன். கேக் வந்து சேர்ந்ததா? ஒரு வரி எழுது. நீ எழுதும் வரைக்கும் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

மரியம்