வேக்கம் பம்ப் மாற்றிய வாரம்

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று. பாப்பாவுக்கு மூக்கில் நீர். காய்ச்சல் இல்லை. கையால் தொட்டுப் பார்த்தேன், கன்னத்தை வைத்துப் பார்த்தேன், பிறகு தெர்மாமீட்டர். இல்லைதான்.

வாங்க வேண்டியது: கேழ்வரகு, டயபர், துணி கிளிப், பாட்டில் பிரஷ்.

செந்தில் மதியம் வந்தார். எங்கள் மினி லாரியில் பச்சைமலையிலிருந்து மரவள்ளி, ஃபுல் லோடு. காந்தி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நேராக வீடு. சாப்பிடும்போது வலது தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். கேட்டால் ஒன்றுமில்லையாம். கூட லோடு ஏற்றுகிற மாரிமுத்து வாசலில் நின்று தண்ணீர் குடித்தவன் போட்டு உடைத்துவிட்டான்.

"எறங்கும்போது பிரேக்கு கல்லு மாதிரி ஆயிடுச்சு அண்ணி. அண்ணன் ரெண்டு காலையும் வச்சு மிதிச்சாரு. நான் கதவத் தொறந்து புடிச்சுக்கிட்டே வந்தேன்."

"கதவ எதுக்குத் தொறந்த?"

"குதிக்கத்தான்."

"டேய், தண்ணியக் குடிச்சியா, கெளம்பு" என்றார் செ.

அடுத்த லோடு சனிக்கிழமை. பிரேக் சரியாகாமல் வண்டி மலை ஏறாது என்றேன். "பாத்துக்கலாம்மா." பார்த்துக்கொள்வது எல்லாம் இல்லை, ஏறாது. நான் இவ்வளவு சத்தமாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. பாப்பா கிலுகிலுப்பையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 11, புதன்

மூக்கு பரவாயில்லை. இருமல் ஒரே ஒரு தடவை.

பால்பண்ணை ஸ்டாப் பக்கத்து மெக்கானிக் ஷெட்டுக்கு நானும் போனேன், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. செ. முகம் சுண்டிவிட்டது. "நீ எதுக்கு?" சும்மா.

மெக்கானிக் பாய் போன மாதமே பிரேக் ஷூ மாற்றிவிட்டார், ஆயிலும் மாற்றிவிட்டார். இன்றைக்கு அவரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். கையை விரித்தார்.

"வெண்ணெய் மாதிரி நிக்குது தங்கச்சி. மலையில மட்டும் என்னா கேடு வருதுன்னு எனக்குப் புரியல. செந்திலு, எறங்கும்போது எந்த கியர்ல வர்றே?"

"ரெண்டு... மூணு" என்றார் செ. தரையைப் பார்த்துக்கொண்டு. தடுப்பூசி தேதி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாலும் இதே மாதிரிதான் தரையைப் பார்ப்பார். அப்போதே சந்தேகம்.

சாயங்காலம் மாரிமுத்து கயிற்றை எடுக்க வந்தான். செ. குளித்துக்கொண்டிருந்தார். மலை இறங்கும்போது எஞ்சின் ரொம்ப சத்தம் போடுமா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"சத்தமே வராது அண்ணி. அப்படியே வழுக்கிக்கிட்டு வரும். ரேடியோ அவ்ளோ தெளிவா கேக்கும்."

"எப்படி?"

"கியர எடுத்துட்டு நியூட்ரல்தான். டீசல் மிச்சமாவுமில்ல?" சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தலை துவட்டியபடி வந்தவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. மலையில் ஓட்டுகிற எல்லாரும் அப்படித்தான் வருகிறார்களாம். பாயிடம் ஏன் சொல்லவில்லை?

"ஷெட்ல அத்தன பேரு முன்னாடி திட்டுவாரு. மானம் போயிடும்."

போகட்டும். நானே பாய்க்குப் போன் போட்டேன், மணி அடிக்கும்போதே இவர் கையில் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் அவருக்கு வழியில்லை, சொன்னார். அவர் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டி வந்தது. எனக்கே கேட்டது. "அட பைத்தியக்காரா! மூணு வாட்டி பிரேக்கப் பிரிச்சிருக்கேன்டா. மூணு வாட்டி!" அப்புறம் குரல் தணிந்து, "அப்ப பிரேக்கே இல்ல. வேக்கம் பம்ப்பு. காலையில கொண்டா."

ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

மறுபடி ஷெட். பாப்பாவுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. ஸ்பேனர் விழும் சத்தத்துக்கெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் தூக்கிப்போடுகிறது.

நான் புரிந்துகொண்டவரை: எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுகிற சின்ன பம்ப். அது காற்றை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலின் பலத்தில்தான் பிரேக் மிதிப்பது லேசாக இருக்கிறது. எங்கள் பம்ப் தேய்ந்துவிட்டது, பெல்ட்டும் வழுக்குகிறது. எஞ்சின் வேகமாக ஓடுகிறவரை குறை தெரியாது. டவுனில் ஒன்றிரண்டு மிதிக்குத் தாங்கும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் மெதுவாகத்தானே சுற்றும். வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்க, இருக்கிற உறிஞ்சலும் தீர்ந்துபோய் பெடல் கல்லாகிவிடும். லோடோ பின்னாலிருந்து தள்ளும்.

காலேஜில் வேக்கம் பம்ப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குடுவைக்குள் மணி அடிக்கும், காற்றை எடுக்க எடுக்க சத்தம் செத்துக்கொண்டே போகும். ரெக்கார்டில் அழகாகப் படம் வரைந்து மார்க் வாங்கினேன். செ.யின் உயிர் அதில் தொங்கும் என்று யார் கண்டது.

பாய் குழாயைக் கழற்றி, "கட்டைவிரல வச்சுப் பாரு தங்கச்சி" என்றார். வைத்தேன். பாப்பா பசியில்லாமல் சும்மா வாய் வைத்துக்கொண்டு தூங்குவாளே, அந்த இழுப்பு. மாரிமுத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான். இப்போது விடிகாலையில் எழுந்ததும் குடிக்கிற இழுப்பு. காலை எடுத்ததும் மறுபடி ஒன்றுமில்லை.

இதைப் போய் பாயிடம் எப்படிச் சொல்வது. "குறையுது பாய்" என்று மட்டும் சொன்னேன்.

பழையதையே ரீகண்டிஷன் செய்து போட்டால் போதும் என்றார் செ. புதுசு என்றேன். பெல்ட்டும் புதுசு. பணத்துக்கு, பாப்பா காது குத்து தள்ளிப் போகட்டும். காதில் ஓட்டைக்கு என்ன அவசரம்.

உள்ளூர்க் கடையில் இல்லை. நாளைக் காலை பார்சலில் வருமாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

பார்சல் வந்தது. பாப்பாவின் கஞ்சிக் கிண்ணம் அளவுதான் இருக்கிறது. இதற்கா இவ்வளவு விலை!

பழைய பெல்ட் ஓரமெல்லாம் பளபளவென்று கண்ணாடி மாதிரி. பம்ப்பில் ஒரு போல்ட் மட்டும் வருவேனா என்றது. பாய் அதைத் திட்டிய திட்டில் நான் பாப்பாவின் காதைப் பொத்திக்கொண்டேன். கடைசியில் வந்தது, கூடவே கறுப்பாக ஆயில் வழிந்தது.

புதுப் பம்ப்பை மாட்டும் முன் உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டுக் கையால் சுற்றினார். வறட்டு வயிற்றோடு ஓடினால் அன்றைக்கே போய்விடுமாம். செ. நின்ற இடத்தில் நிற்கவில்லை.

"பாய், ராகுகாலம் வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிடலாமா?"

"பெல்ட் இன்னும் டைட் வைக்கலப்பா."

"அத அப்புறம் வச்சுக்கலாமே."

நான் எழுந்துவிட்டேன். அப்புறம் என்பதே கிடையாது, எல்லாம் முடிந்த பிறகுதான் சாவி. ராகுகாலம் வந்தது. அது முடிவதற்குள் பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். வண்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது. நாங்கள் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். "ராகுகாலத்துக்கும் ஆச்சு, ஜும்மாவுக்கும் ஆச்சு. இன்னிக்கு வண்டிக்குதான் லீவு" என்றான் மாரிமுத்து. செ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதன்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

பாய் திரும்பி வந்து பெல்ட்டை இழுத்துக் கட்டினார். நடுவில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இறுக்குங்களேன் என்றேன். "ரொம்ப இறுக்கினா பேரிங் போயிடும்மா. கொஞ்சம் தளர்வு வேணும்." சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

என்னையே டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். எஞ்சின் ஓடாதபோது பெடல் கல்லாகும்வரை மிதிக்க வேண்டும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். செய்தேன். எஞ்சின் பிடித்ததும் பெடல் தானாக மெல்ல இறங்கியது.

"அவ்ளோதான். டெய்லி வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி இத செய்யணும்" என்றவர் செ. பக்கம் திரும்பினார். "பம்ப்ப மாத்திட்டேன். உன் கைய எவன் மாத்துறது?"

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். காவிரிப் பாலம் ஏறும்போது சொன்னேன், நாளைக்கு நானும் மலைக்கு வருகிறேன்.

"பாப்பா?"

கீழ்வீட்டு மாமியிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளை விட்டு இருந்ததே இல்லை. மாமியிடம் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது: பால் எடுத்து ஃப்ரிட்ஜில், வெந்நீரில் வைத்துத்தான் சூடு, தூங்கும்போது இடப்பக்கம் சாய்த்து, கதவிடுக்கில் விரல், காசு, பட்டன், எறும்பு...

"போறும்டி. நானும் ரெண்டு பெத்தவதான். கொழந்தை என்ன கண்ணாடி பொம்மையா, ஒடைஞ்சு போறதுக்கு? பெருமாள் இருக்கார். போய்ட்டு வா."

பிப்ரவரி 14, சனி

முதலில் இது: பாப்பா நன்றாக இருக்கிறாள். மூக்கும் காய்ந்துவிட்டது. மாமி மூன்று தடவை போன் செய்தது பருப்பு சாதத்தில் நெய் விடலாமா என்று கேட்க.

விடியுமுன் கிளம்பினோம். பெடல் சோதனை நான்தான் செய்தேன். இறங்கியது. துறையூரில் டீ. மாரிமுத்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "லவ்வர்ஸ் டேக்கு அண்ணிய மரவள்ளித் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போற ஒரே ஆளு நீதாண்ணே."

மேலே குளிர். லோடு ஏற்ற மதியம் ஆகிவிட்டது. அதற்குள் எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனைய ஆரம்பித்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இறங்கும்போது மாரிமுத்துவைக் கதவோரம் போகச் சொல்லிவிட்டு நடுவில், கியர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது கியர். எஞ்சின் அலறுகிறது, ரேடியோ என்ன, பேசுவதே கேட்கவில்லை. பிரேக் லேசாக, தொட்டாலே பிடிக்கிறது. செ. என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

மூன்றாவது வளைவு தாண்டி நேர் இறக்கம். அவர் கை தானாகக் கியருக்கு வந்தது. அவருக்கே தெரியவில்லை, பார்வை முழுக்க ரோட்டில். நான் அந்தக் கைமேல் என் கையை வைத்தேன். அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

"பழக்கம்" என்றார்.

"தெரியும்."

கையை எடுக்கவில்லை, நானும் அவரும். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. இடம் வந்ததும் ஒதுங்கி வழி விட்டோம். வேன் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

ஒரு வளைவில் திடீரென்று சிக்னல். போனில் மாமியின் மிஸ்டு கால் மூன்று. கூப்பிடுவதற்குள் சிக்னல் போய்விட்டது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. விழுந்துவிட்டாளா. தொண்டையில் எதையாவது போட்டுக்கொண்டாளா.

செ. என் முகத்தைப் பார்த்துவிட்டார். "சீக்கிரம் எறங்கிடலாமா? அழுதுக்கிட்டு இருப்பா பாவம்."

அந்த வேன் போன ரோடு கீழே தெரிந்தது. இன்னும் எத்தனை வளைவு என்று தெரியவில்லை.

"அழட்டும்" என்றேன். "ரெண்டாவது கியர்லயே வாங்க."