பாண்டுங் வீட்டுச் சாவி

மான்மவுத் ஜங்ஷன்
7.2.1999

அன்புள்ள மரகதம்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை விடாமல் சாப்பிடு. எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த அமெரிக்கப் பனிக்காலம்தான் முடிந்தபாடில்லை.

போன ஞாயிறு என் மேனேஜர் க்ரிஷ் வீட்டில் விருந்து. முப்பது வயதுப் பையன். நான் இந்தோனேசியாவில் பாண்டுங் மில்லில் வேலை பார்த்ததையும், பக்கத்துக் கிராமத்தில் நாம் நீண்ட காலக் குத்தகைக்கு வீடு எடுத்துக் குடியிருந்ததையும் யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அங்கிள், அந்த ஊர் ருப்பியா இப்ப ரொம்ப சீப். நானும் அங்க இன்வெஸ்ட் பண்ணட்டுமா?" என்றான்.

"வேண்டாம்ப்பா. வெளிநாட்டுக்காரன் பேர்ல நிலமே எழுத மாட்டாங்க. ரோடு கிடையாது, எப்பப் பாரு மழை," என்றேன்.

நாம் அந்த வீட்டை எடுத்தபோது உன் அண்ணன் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். சொந்தக்காரர்கள் முன்னால் என்னை ஏமாளி என்றாரே, அதை நான் மறக்கவில்லை. ஆனால் க்ரிஷைக் காப்பாற்ற நான் அப்படிச் சொல்லவில்லை. அவன் வந்து நம் வீட்டுக்குப் பக்கத்தில் மாடி கட்டினால், நீ துணி காயப்போடும் இடத்திலிருந்து மலை தெரியாது.

உன் அண்ணன் தேடிப் பிடித்த ஆளுக்கு அந்த வீட்டுக் குத்தகையை மாற்றும் பத்திரம் வந்து சேர்ந்தது. நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. அவரிடம் நீயே சொல்லிவிடு. நான் பேசினால் சண்டை வரும்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. பீரோவில் அந்த வீட்டுச் சாவி இருக்கும், துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மணியன்