என் மாஸ்க்கைத் தொட்டவன்

பிப்ரவரி 6, வெள்ளி

பட்டறையில் மச்சானை அடித்துவிட்டேன். கையால் இல்லை, கம்ப்ரசர் காற்றுக் குழாயால். மேலுதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள்.

என் மனைவியின் தம்பி அவன். இருவரும் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள். பட்டறையில் ஒழுங்கான மாஸ்க் ஒன்றே ஒன்று. ஒருவன் ஸ்பிரே அடித்தால் மற்றவன் உப்புத்தாள் தேய்ப்பான். முறை மாறும்போது மாஸ்க்கும் மாறும். ஆனால் மூச்சுக்குழாய் சுருங்கிப்போன நோயாளி நான். அவன் கழற்றிக் கொடுத்த மாஸ்க் உள்ளே ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். அதை மாட்டிக்கொண்டு ஒரு கதவு முழுக்க நான் அடித்து முடித்த பிறகுதான் அவன் தும்மினான்.

"சளியாடா?"

"முந்தாநாள்லேருந்து லேசா, மாமா. சொன்னா வேலைக்கு வராதேம்பீங்க."

கோபத்தில் கண்மண் தெரியவில்லை. முதலாளி என்னைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கொன்றே போட்டிருப்பேன்.

பிப்ரவரி 7, சனி

என் மனைவி என்னிடம் பேசவில்லை. தட்டை வைத்த வேகத்தில் மேசை அதிர்ந்தது. வைக்கட்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

தொண்டை கரகரப்பு. மஞ்சள் சளி. இன்ஹேலர் இழுத்தும் படியேற முடியவில்லை. டம்ளரைச் சுவரில் எறிந்தேன் — எறிந்ததற்கே மூச்சு வாங்கியது. படுபாவி, அவனுக்கு இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆஸ்பத்திரி. பேனா பிடிக்க இன்றைக்குத்தான் தெம்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் என் உதடு நீலம் பாரித்துவிட்டதாம். மச்சான்தான் முதுகில் தூக்கி வந்தான். யாரோ தலையைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. காற்றை அழுத்தித் தள்ளும் மாஸ்க்கை முகத்தில் கட்டினார்கள். பிய்த்து எறிந்தேன். நர்ஸம்மாவை உதைத்தேன். கையைக் கட்டச் சொன்னார்கள்.

"கட்டாதீங்க, நான் புடிச்சுக்கிறேன்" என்று மச்சான் பாய்ந்து வந்தான். திரும்ப மாட்ட வந்த அவன் கையைக் கடித்தேன். தலையால் வாயில் முட்டினேன். தையல் பிரிந்து ரத்தம் என் நெற்றியில் சொட்டியது. அவன் பிடியை விடவில்லை.

"கடிங்க மாமா, கொல்லுங்க. இத மட்டும் கழட்டாதீங்க."

டாக்டர் சொல்கிறார்: "எல்லாருக்கும் வர்ற ஜலதோஷ வைரஸ்தான். உங்க மச்சானுக்கு மூக்கோட போச்சு, உங்களுக்கு நெஞ்சுல இறங்கிடுச்சு."

அப்படியென்றால் நான் அடித்தது சரிதானே? சரிதானா? அவன் வாயை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சீ, என்ன மனுஷன் நான்.

பிப்ரவரி 19, வியாழன்

ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். டாக்டர் வார்டில் ஒரு சுற்று நடக்கவைத்து, விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்து, "இனிமே பயமில்ல" என்றார்.

அவர் போனதும் என் மனைவி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடினாள். அடித்த நாளிலிருந்து இன்றுதான் என்னிடம் வாய் திறந்தாள்.

"நெஜமாவே பயமில்லையாமா?"

"இல்லையாம்."

விட்டாள் பளாரென்று ஒன்று. காது கொய்யென்றது.

"இது என் தம்பி வாய்க்கு. குழாய எடுக்கட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

பிறகு, அதே கையின் விரலை என் மூக்குக்குக் கீழே வைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தாள்.