அட்டையில் வந்த முகம்

நெய்வேலி, பிளாக் 19,
21.3.1999, ஞாயிறு.

அன்புள்ள மகன் ரெஜினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் சுகம் நீ எழுதினால்தான் தெரியும். நீ வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் கழித்து உன்னிடமிருந்து வந்தது ஒரு பாட்டுப் பத்திரிகையின் அட்டையும் நாலு வரிச் சீட்டும்தான். நீ வடிவமைத்த முதல் அட்டை, பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறது என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். எழுதுகிறேன். எனக்கும் மே மாதத்துக்குள் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் அட்டை வந்து சேர்ந்த கதையைக் கேள்.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு முதல் ஷிப்ட். தபால்காரர் நீ அட்டையைச் சுருட்டி அனுப்பிய உருளையைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்சவல்லியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யாரோ தாமதமாக அனுப்பிய காலண்டர் என்று நினைத்து அவள் பிரித்துவிட்டாள். உள்ளே கறுப்புப் பின்னணியில் பெரிதாக உன் முகம். தலைக்கு மேலே இங்கிலீஷில் கொட்டை எழுத்து. முகத்துக்குக் கீழே 1974 – 1999. அம்சவல்லிக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். நம் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எப்படி இருக்கும் என்றும் தெரியும். உன் சீட்டோ உருளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டரை மணிக்கு நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் நம் வாசலில் பெஞ்சு போட்டிருக்கிறது. பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உன் படத்தைச் சாய்த்து வைத்து ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். அம்சவல்லி ஓடிவந்து என் டிபன் பையை வாங்கிக்கொண்டு, "அண்ணே, நின்னுகினு இருக்காதீங்க, மொதல்ல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷமாக மைன்ஸில் இங்கிலீஷில் லாக் புத்தகம் எழுதுகிறவன் நான். அன்றைக்கு அந்த அட்டையில் ஓர் எழுத்துகூடத் தலையில் ஏறவில்லை. நீ பிறந்தது எழுபத்தைந்தில். அதுகூட நினைவுக்கு வரவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் சிங்காரவேல், மெட்ராசுக்குப் போன் போட்டுக் கேட்போம், பையன் நம்பரைக் கொடுங்க என்றார். என்னிடம் இல்லை. எந்தத் தெருவில் இருக்கிறான் என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால், பெற்ற பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது அவமானம்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

விலாசம் ஏதாவது கிடைக்குமா என்று சிங்காரவேல்தான் உருளையைத் தட்டிப் பார்த்தார். அடியில் உன் ஆபீஸ் விலாசத்தோடு சீட்டு விழுந்தது. படமெடுக்கப் பாடகர் வரவில்லை, அதனால் என் முகத்தையே வைத்து மாதிரி அட்டை செய்தேன் என்று நீ எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். யாரோ சிரித்தார்கள். அம்சவல்லி ஊதுபத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இனி நீ கேட்ட விஷயம். இன்று சர்ச்சில் பூசை முடிந்ததும் மெயின் பஜாரில் ராமலிங்கம் கடைக்குப் போய், தொங்குகிற பத்திரிகைகளை எல்லாம் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்க வந்தீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா என்று ராமலிங்கம் கேட்டான். ஒன்றின்மேல் ஒன்று மாட்டினால் மேலே நாலு விரல் அகலம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் பேரை உச்சியில் போடுகிறீர்கள் போலிருக்கிறது. பக்கவாட்டில் செருகி வைத்தால் இடது ஓரம் மட்டும் தெரிகிறது. உள்ளே உள்ள விஷயங்களை நீ இடது பக்கமாகப் போட்டிருப்பதும் சரிதான். ஆனால் உன் தலைமுடி பத்திரிகைப் பேரில் இரண்டு எழுத்தை மறைக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த பழைய பத்திரிகைகளும் அப்படி மறைக்கின்றன, பார்த்தேன். உங்களுடையது முதல் இதழ். இப்போதே அவ்வளவு தைரியம் வேண்டாம், தலையைக் கொஞ்சம் இறக்கு. பாடகரின் இருபத்தைந்து வருஷப் பாட்டு என்பதை எண்ணில் போடாமல் எழுத்தில் போடு. முகத்துக்குக் கீழே ஆண்டுகளைப் போட்டால் நம் ஊரில் ஒரு பிரதிகூட விற்காது.

இன்னொன்று. கடையில் இருந்த பாட்டுப் பத்திரிகைகளில் அட்டையில் இருக்கிறவர் கையில் மைக்கோ கிட்டாரோ இருந்தது. உன் கை வெறுமனே இருக்கிறது. உன் கிட்டார் பீரோவுக்கு மேலே உறையோடு அப்படியே இருக்கிறது. கம்பி துருப்பிடித்திருக்கும். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

எல்லா அட்டையிலும் முகம் வாங்குகிறவரை நேராகப் பார்க்கிறது. நீயும் பார்க்கிறாய். அட்டையைக் காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறேன். நான் சமைக்கும்போதும் பார்க்கிறாய், சாப்பிடும்போதும் பார்க்கிறாய். உன் அம்மா ஸ்டெல்லா கண்ணை மூடி, நீயும் போன பிறகு இந்த வீட்டில் என்னைப் பார்க்க ஒரு முகம் இல்லை. நேற்று உன்னிடம் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்டுவிட்டார்களோ என்று ஜன்னல் பக்கம் பார்த்தேன். தனியாக இருக்கப் பழகிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்கிறேன். பழகவில்லை. உன் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது, வேளைக்குச் சாப்பிடு.

மே முப்பத்தொன்றில் ரிட்டயர் ஆகிறேன். அதன் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பக்கத்து ஊர் வடக்குத்தில் இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஓர் ஆளுக்குப் போதும். இன்னொன்றில் முன்பக்கம் ஓர் அறை தனியாக இருக்கிறது. எதற்கு முன்பணம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். நீ வேலையை விட்டு வரவேண்டியதில்லை. லீவுக்கு வந்தால் தங்க இடம் வேண்டுமா என்று மட்டும் சொல். உன் போன் நம்பரையும் எழுது.

மைன்ஸில் அப்ரண்டிஸ் வேலை வேண்டாம் என்று நீ கிளம்பிய அன்று, நீ செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே என்று வாசலில் நின்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பெஞ்சில் எனக்கு அது ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. நேரில் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

பாடகர் முகத்தோடு அச்சாகி வந்ததும் அதைத் தபாலில் அனுப்பாதே, ரெஜின். நீயே கொண்டுவா. ஆண்டவர் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சந்தியாகு