புளியந்தீவு வீட்டில் இருப்பவர்கள்

செட்டிபாளையம்
20.09.2025

அன்புள்ள மகள் தக்ஷாயினிக்கு,

நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், மெல்பேர்ன் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ மீட்டிங் என்கிறாய், வேலையை விட்ட பிறகும் உனக்கு என்ன மீட்டிங் என்று எனக்கு விளங்கவில்லை.

பதினொரு வருடம் இருந்த இன்சூரன்ஸ் கம்பனியை விட்டதை நீ எனக்குச் சொல்லவில்லை. மாமியின் மகன் நிலோஜன் பேஸ்புக்கில் காட்டித்தான் அறிந்தேன், இனிமேல் வீடு வளவு வாங்கி விற்பதுதான் உன் தொழில் என்று படத்தோடு போட்டிருந்தாய். அப்பாவிடம் கேட்டால், "அவள் யோசிக்காமச் செய்யமாட்டாள், நீ சும்மா இரு" என்கிறார், எங்கே சும்மா இருக்கிறது. நீ வேலையை விட்டாய், வேலை எனக்கு வந்தது. புளியந்தீவில் நீ வாங்கிய பழைய வீட்டுக்காகக் கிழமைக்கு இரண்டு தரம் கல்முனையால் வருகிற பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு போகிறேன். ஓடு மாற்றுகிறவன் இன்றைக்கு என்பான், கதவு பார்க்கிற தச்சு ஓடாவி நாளைக்கு என்பான், அவர்களைக் காத்துக்கொண்டு படியில் குந்தியிருக்கிற எனக்கு அறுபத்தெட்டு வயது, மகள்.

அதையும் பொறுத்தேன். அங்கே வாடகைக்கு இருக்கிற கேதீஸ்வரியை மாத முடிவில் வீட்டைவிட்டு எழுப்பவேண்டும், வெளிநாட்டார் தங்கும் அறைகள் கட்டப்போகிறேன் என்று போன கிழமை சொன்னாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. திங்கட்கிழமை நோட்டீஸைக் கொண்டுபோனேன். அவளுக்குப் புடவைக்கடையில் வேலை, புருஷன் செத்துவிட்டான், ஒரே மகள் நவம்பரில், கம்பஸ் போவதற்கான ஏ.எல். சோதனை எழுதுகிறாள். வாசித்துவிட்டு அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. "அம்மா, வீடு உங்கட மகளுக்குரியது, நான் பிழை சொல்லல்ல. சோதனை முடியுமட்டும் விடுங்க, மறுகா நாங்களே எழும்பிப் போறம்" என்றாள். உள்ளே அந்தப் பிள்ளை புத்தகத்தை விரித்தபடி இருந்தது. அங்கிருந்தே உனக்குப் போன் எடுத்தேன், "இது பிஸ்னஸ் அம்மா, இரக்கம் பார்க்க ஒண்ணா" என்று வைத்துவிட்டாய்.

மனே, என் மகளே, சுனாமி நம்மட வீட்டைக் கொண்டுபோன பிறகு எட்டு மாதம் களுவாஞ்சிகுடியில் வல்லிபுரம் மாஸ்டர் வீட்டில் இருந்தோம். எப்போது போவீர்கள் என்று அந்த மனிதர் ஒரு நாளும் கேட்கவில்லை. நீ சோதனைக்குப் படித்தது அவருடைய மேசையில். இதை நான் சொல்லித்தானா உனக்கு ஞாபகம் வரவேண்டும். வீடு வாங்கி விற்பது கூடாத தொழில் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்குள்ளே ஆட்கள் இருப்பார்கள்.

செய்ததைச் சொல்கிறேன். உன் பேரில் நான் கையெழுத்துப் போடலாம் என்று நீதானே அற்றோணித் தத்துவம் அனுப்பினாய். புதன்கிழமை லோயரிடம் போய், கேதீஸ்வரி தை மாதம் முடியும்வரை இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மகளுக்குத் தெரியுமா என்று அவர் இரண்டு தரம் கேட்டார், தெரியவரும் என்றேன். அப்பாவுக்கும் பிறகுதான் சொன்னேன், அவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நீ அந்தத் தத்துவத்தை ரத்துச் செய்வதென்றால் செய், போட்ட கையெழுத்தை நான் அழிக்கமாட்டேன்.

மாமாங்கேஸ்வரர் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். டொக்டர் தந்த இரத்தக் குளிசையை விடாதே, வெறும் வயிற்றில் கோப்பி குடியாதே. ஞாயிற்றுக்கிழமை போன் எடு, ஏசுவதற்கென்றாலும் எடு.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா
க. பூரணம்