மூடுபனியில் உங்கள் குரல்

அக்கா,

இன்று காலை தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கினேன். செல்வத்துக்கு நேற்றிலிருந்து சளி. அடுப்படியில் அந்த வாசனை எழுந்ததும், கூடத்தில் உட்கார்ந்திருந்தவன் தானாகவே சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். நீங்கள் தேய்த்துவிடும்போது அப்படித்தான் உட்காருவான். முப்பது வயதைத் தாண்டிய அகலமான முதுகு. நான் கை வைத்ததும் ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு எனக்குப் பின்னால், யாருமில்லாத இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், சிறப்புப் பள்ளியில் இனி இடமில்லை என்று சொல்லி அனுப்பிய அன்று நாம் இருவரும் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். என் மகள் நிலோபர் உங்கள் மடியில் தலை வைத்திருந்தாள். உங்கள் செல்வம் பேருந்துச் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அழுதேன். நீங்கள் அழவில்லை.

"வாரத்துல பாதி நாளு என் வூடு, பாதி நாளு உன் வூடு. நம்பள்ள யாரு முன்னாடி போனாலும் ரெண்டு பேருக்கும் ஒரு அம்மா மிச்சம் இருப்பா, சமீமு" என்றீர்கள்.

அப்படித்தான் தொடங்கியது. நைனார்பாளையத்தில் உங்கள் மாடுகளுக்கு நிலோபர் தவிடு கலந்தாள். எங்கள் பாத்திரக்கடையில் செல்வம் குண்டான்களுக்கு மூடி பொருத்தினான். இரண்டு வீட்டிலும் ஆளுக்கொன்று பேசினார்கள். உங்கள் கொழுந்தனார்தான் அதிகம் பேசினார். பாயம்மா வீட்டில் நம் பிள்ளை தங்குவதா என்று அவர் கேட்டதற்கு, அதுவும் அவன் வீடுதான் என்று நீங்கள் சொன்னதை நிலோபர் வந்து சொன்னாள்.

கரும்பு வெட்ட ஆள் வந்திருந்த ஒரு காலையில் நீங்கள் வரப்பிலேயே சாய்ந்துவிட்டீர்கள். ஆட்கள் ஓடி வந்தபோது செல்வம் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் உதடுகளின் மேல் விரல்களை வைத்துக்கொண்டிருந்தானாம். உங்களைத் தூக்கும்வரை அவன் விரலை எடுக்கவில்லையாம்.

காரியம் முடிந்ததும் கொழுந்தனார் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தூரத்து ஊரில் இவனைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருப்பதாகவும், அங்கே பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னார். எனக்கு என்ன உரிமை இருக்கிறது, மறுக்க? வருடாவருடம் நாம் பிள்ளைகளை வெள்ளிமலைக்குக் கூட்டிப்போவோமே, அதை மட்டும் கடைசியாக ஒருமுறை முடித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். தானும் வருவதாகச் சொன்னார். திரும்பியதும் அவனை அழைத்துப்போவது என்று முடிவானது.

மலையில் பகலிலேயே மூடுபனி. டீக்கடை பெஞ்சில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். நிலோபருக்கு டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் செல்வம் இல்லை. எதிரே இருந்த சாலையும் இல்லை. வெள்ளையாக ஏதோ வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறவனா அவன்? கொழுந்தனார் கத்தினார், கடைக்காரர் கத்தினார், நானும் கத்தினேன். எங்கள் குரல் எங்களைத் தாண்டிப் போனதாகவே தெரியவில்லை.

அப்போது சரிவின் பக்கமிருந்து நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"செல்வம்... எங்கடா கீற? அம்மா இங்கதான்டா கீறேன்."

அதே கரகரப்பு, கடைசியில் அதே இழுப்பு. கொழுந்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஓத நினைத்தேன், ஒரு சொல்லும் நாக்கில் வரவில்லை. நிலோபர் மட்டும் பயப்படவில்லை. "பெரிம்மா கூப்புடறாங்க" என்று எழுந்து பனிக்குள் நடந்தாள். அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பின்னால் போனோம்.

பாறை முடிகிற இடத்தில் செல்வம் கண்களை மூடிக்கொண்டு நின்றிருந்தான். அவன் காலுக்கு அடுத்து ஒன்றுமில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. உங்கள் குரலில் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். காணாமல் போனால் அம்மா கூப்பிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். நீங்கள் கூப்பிடாததால் அவனே கூப்பிட்டுக்கொண்டான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நிலோபர் அவன் கையைப் பிடித்து இழுத்ததும் குரல் நின்றுவிட்டது.

கள்ளக்குறிச்சியில் பேருந்தை விட்டு இறங்கியதும் கொழுந்தனார் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணிய தெரியாத ஊர்ல கொண்டும்போயி எப்புடிம்மா வுடறது? உங்க வூட்லயே இருக்கட்டும்ங்க. நான் வந்து வந்து இட்டுக்கினு போறேன்."

சொன்ன சொல் தவறவில்லை. இப்போது வாரத்தில் பாதி நாள் பிள்ளைகள் இருவரும் அவர் வீட்டில்தான். அவர் மனைவி மட்டும், செல்வம் இருக்கிற நாட்களில் பயத்தில் வாசல் கதவைச் சாத்துவதே இல்லையாம்.

அதற்குப் பிறகு அவன் எப்போதாவது பேசுகிறான். எல்லாம் உங்கள் குரலில். நான் கேட்டிராத பேச்சும் வருகிறது. ஒருநாள் மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சமீமு இன்னா, இளைச்சிக்கினே போறா" என்றான். நீங்கள் அதை எப்போது, யாரிடம் சொன்னீர்களோ தெரியாது. சொல்லவே இல்லையோ என்னவோ. எனக்குச் சர்க்கரை இருப்பது அந்த மாதம்தான் தெரியவந்தது.

போன வாரம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே யாரோ, "நிலோ, தண்ணி குடிச்சியாம்மா?" என்று கேட்டார்கள். "குடிச்சிட்டேம்மா" என்றாள் நிலோபர். கேட்டது என் குரல். ஈரத்துணியோடு அப்படியே நின்றேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன், அக்கா. இறங்கி வந்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். நிலோபர் என்னைத் தேடியிருக்கவில்லை.

நீங்கள் போன பிறகுதானே உங்கள் குரல் அவனிடம் வந்தது. நான் இருக்கும்போதே என்னுடையது ஏன் வர வேண்டும்? பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் என் பேச்சு மாறிவிட்டது. அவன் எதிரில் சத்தம் போடுவதில்லை. எனக்குப் பிறகு இவர்கள் கதி என்ன என்று புலம்புவதில்லை. மாத்திரை போட்டியா, தலை துவட்டினியா, இடிச் சத்தம்தான், பயப்படாத, தூங்கு. நான் இல்லாத வீட்டில் நிலோபர் கேட்க வேண்டியதையெல்லாம், அவன் காதில் நன்றாக விழும்படி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவைக்கிறேன்.